டிக்கெட் இருக்கு, வெப்பமானி எங்க?

காலிப் பக்கம் ட்ரிப் போற எல்லா பட்ச்சும் செய்யிற வேலை ஒண்டு இருக்கு. பெந்தோட்டைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையில பஸ்ஸ நிப்பாட்டி, ஒரு கடலாமைப் பொரிப்பகத்துக்குள்ள போய், டிக்கெட் எடுத்து, தொட்டியில நீந்துற குஞ்சை உள்ளங்கையில வச்சுப் போட்டோ எடுக்கிறது. இரவு "ஆமைகளைக் காப்போம்" எண்டு ஸ்டேட்டஸ். நான் கேக்கிறது ஒரே கேள்விதான்: அந்த முட்டைகள் எத்தனை பாகை வெப்பத்தில கிடந்து பொரிச்சது எண்டு ஆரையாவது கேட்டீங்களா?

இது சின்ன விசயம் இல்லை. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம் தீர்மானிப்பதில்லை. மணலின் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. முட்டை சுமார் 45 முதல் 60 நாள் வரை மணலுக்குள் கிடக்கும். அதன் நடுப்பகுதியில் வெப்பம் 29 பாகை செல்சியஸை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து வரும். இரண்டு, மூன்று பாகை ஏறினால் கிட்டத்தட்ட எல்லாம் பெண். அதேயளவு இறங்கினால் ஆண். 35 பாகையில் தொடர்ந்து கிடந்தால் முட்டைக்குள்ளேயே சாவு.

இயற்கையான கரையில் ஒரு ஆமை பற்றை நிழலில் குழி தோண்டும், இன்னொன்று வெட்டவெளியில் தோண்டும். ஒன்று மழைக்குள் முட்டையிடும், இன்னொன்று காய்ச்சலான மாதத்தில். அந்த வித்தியாசம்தான் அதுகளின்ர பாதுகாப்பு. பொரிப்பகத்தில் நாங்கள் என்ன செய்கிறோம்? எல்லா முட்டையையும் ஒரே வேலிக்குள், ஒரே மணலில், ஒரே வெயிலில் புதைக்கிறோம். அந்த மணல் கூடச் சூடானால், பிழை ஒரு குழியோடு நிக்காது. எல்லாக் குழியிலயும் நடக்கும்.

மிகைப்படுத்துறன் எண்டு நினைச்சால் அவுஸ்திரேலியாவைப் பாருங்கோ. பெருந்தடுப்புப் பவளப்பாறையின் வடபகுதிக் கரைகளில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் ஏறத்தாழ 99 சதவீதம் பெண் என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது. அங்கே ஒருவரும் முட்டையை இடம் மாற்றவில்லை. கரை சூடானதே போதுமாக இருந்தது. பச்சை ஆமை இனப்பெருக்க வயதுக்கு வர இருபது வருசத்துக்கு மேல் எடுக்கும். இண்டைக்கு விடுற பிழை எங்கட பிள்ளையள் கம்பஸ் வாற காலத்திலதான் தெரியும்.

"பொரிப்பகம் இல்லாட்டி அந்த முட்டையைத் திண்டிருப்பாங்கள்" எண்டு சொல்லுவீங்கள். உண்மை. அதை நான் மறுக்கேல்ல. ஆனால் முட்டையைக் காப்பாத்தினது வேற, இனத்தைக் காப்பாத்தினது வேற. இத்தனை இலட்சம் குஞ்சு விட்டம் எண்டு போர்டு வைக்கிறவர், அதில ஆண் எத்தனை எண்டு சொல்லட்டும். வெப்பத்தை அளக்காதவரால் ஊகம்கூடச் சொல்ல ஏலாது.

"காசு எங்க?" எண்டும் கேப்பினம். மணலுக்குள்ள வைக்க ஒரு வெப்பமானி, ஒரு கொப்பி, நிழலுக்கு நாலு கிடுகு. இதுக்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை. குளிராக்கி ஆணாக்குங்கோ எண்டும் நான் சொல்லேல்ல. பக்கத்துக் கரையில் இயற்கையாக இருக்கும் குழியின் வெப்பத்தை அளந்து, அதை ஒட்டி வச்சிருங்கோ என்றுதான் சொல்கிறேன்.

தொட்டி இன்னொரு அநியாயம். பொரித்த குஞ்சுக்கு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சட்கருதான் முதல் நாள்களுக்கான சாப்பாடு. அந்தச் சக்தியில்தான் அது ஆழ்கடல் நோக்கி விடாமல் நீந்தும். நாங்கள் போட்டோ எடுக்கிறதுக்காக அதை நாள்கணக்கில் தொட்டியில் சுத்த விட்டால், அந்தச் சக்தி சீமெந்துச் சுவரோடேயே முடிஞ்சிடும்.

வேற வழி இல்லாமலும் இல்லை. தங்காலைக்குக் கிட்ட ரெக்கவையில் 1990களில், முட்டை எடுத்து விற்றவர்களையே சம்பளம் குடுத்துக் காவலுக்கு வைத்தார்கள். முட்டை, தாய் தோண்டின குழியிலேயே கிடந்து பொரித்தது.

"கலைப்பீடத்துக்கு ஆமை முட்டையில என்ன வேலை?" எண்டு ஒரு நண்பன் கேட்டான். எதை எண்ணுறது, எதை எண்ணாமல் விடுறது, அதால ஆருக்குக் காசு எண்டு கேக்கிறது எங்கட வேலைதான் மச்சான்.

அடுத்த ட்ரிப்பில வாசலில நிண்டு மூண்டு கேள்வி கேளுங்கோ. மணல் எத்தனை பாகை? அதை எழுதி வச்சிருக்கிற கொப்பி எங்க? பொரிச்ச குஞ்சை எப்ப கடலில விடுவீங்கள்? பதில் வராட்டி டிக்கெட் எடுக்காதேங்கோ.