கடலில்லா ஊரின் கரை

நம் மன்றத்தின் சென்ற கூட்டத்தில் ஒரு வழக்கு எழுந்தது. வேதாரணியத்திலிருந்து கோடியக்கரை வரை கடலோரமாக நடந்து, அப்பகுதியின் பழைய கள்ளக்கடத்தல் வரலாற்றைக் கேட்டறிவோம் என்றார் ஒரு நண்பர். “கள்ளத்தனத்திற்கு மரபு நடைப்பயணமா? மாணவர்க்கு இது அழகா?” என்று மறுத்தார் இன்னொருவர். போகத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எதைக் காணப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

அந்தக் கடற்கரையில் நாடறிந்த கள்ளச் சரக்கு எது தெரியுமா? உப்பு! 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் புறப்பட்ட இராஜாஜி, 30-ஆம் நாள் வேதாரணியத்தில் உப்பை அள்ளிச் சிறை புகுந்தார். வெள்ளையர் சட்டத்தின் கண்ணில் அந்தப் பிடி உப்பு, வரி ஏய்த்த பொருள். 1947-இல் உப்பு வரி போயிற்று. குற்றமும் கூடவே போயிற்று. தங்கத்தின் கதையும் அதுவே. தனியார் தங்கக் கட்டி வைத்திருப்பதையே குற்றமாக்கியது 1968-ஆம் ஆண்டுச் சட்டம். 1990-இல் அச்சட்டம் நீங்கியது. பொருள் மாறவில்லை, சட்டம்தான் மாறியது.

வேதியியல் பயிலும் எனக்கு இதில் வியப்பில்லை. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குப் பொருள் பரவும். இருபுறமும் விலை வேறுபட்டால் சரக்கும் அப்படியே நகரும். காவல் அதன் வேகத்தைக் குறைக்கலாம்; வேறுபாடு உள்ளவரை அழுத்தம் குறையாது.

இதைக் காணக் கடலுக்குத்தான் போகவேண்டுமா? நம் சித்தூர் கொச்சி அரசின் தாலுகாவாக இருந்த நாளில், பிரிட்டிஷ் பகுதி சூழ்ந்த ஒரு தீவாகவே கிடந்தது. 1956-இல் மாநில எல்லை வந்தது. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் – இவையன்றோ நம் துறைமுகங்கள்! 1964-இல் தென்மாநில அரிசி மண்டலம் கலைந்தபின், அனுமதியின்றி அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றமாயிற்று.

என் பாட்டி பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்தவர். அந்நாளில் நாலு படி அரிசியை மடியில் கட்டிக்கொண்டு தென்னந்தோப்புகளின் ஊடே நடந்திருக்கிறார். ஒருநாள் காவலர் ஒருவர் அதைப் பிடுங்கி மண்ணில் கொட்டினார். “கடத்துனீங்களா பாட்டி?” என்று விளையாட்டாகக் கேட்டேன். “அது கடத்தலுமில்ல ஒண்ணுமில்ல கண்ணு, கஞ்சி” என்றார். அன்றைக்குப் பிறகு அந்தச் சொல்லை நான் விளையாட்டாகச் சொன்னதில்லை.

அப்படியானால் எல்லாக் கடத்தலும் நியாயமா? இல்லவே இல்லை. மெத்தனால் கலந்த சாராயம் குடலில் இறங்கினால், கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக்கும். கண் போகும், உயிர் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏழைக்குத் தரும் ரேஷன் அரிசியை லாரியில் ஏற்றி எல்லை கடத்தி விற்பவன், என் பாட்டியின் கஞ்சியையே திருடுகிறான். மடியில் கட்டியவளையும் லாரியில் ஏற்றியவனையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

ஆதலால் நண்பர்களே, நடப்போம்! ஆனால் தலைவர்களின் தங்கக் கதையும் இருட்டுத் தோணியின் வீரக் கதையும் மட்டும் கேட்டுத் திரும்ப வேண்டாம். சுமந்தவர் யார், கூலி என்ன, சிறை சென்றவர் யார், மாளிகை கட்டியவர் யார் என்று கேட்போம். வேதாரணியத்திற்கு ஒரு நாள் கொடுத்தால், கோபாலபுரத்திற்கும் ஒரு நாள் கொடுப்போம். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் வரிச் சாவடிகளின் பழைய வேலை முடிந்தது. அவற்றின் நினைவு மங்குமுன், அரிசி சுமந்த கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்லை எழுதிக்கொள்வோம். முதல் ஏட்டில் என் பாட்டியின் பெயரை எழுத நான் அணியமாயிருக்கிறேன். உங்கள் பாட்டியின் பெயரோடு நீங்களும் வாருங்கள்!