பட்டப் படிப்பு மூன்றாண்டா, நான்காண்டா? பெங்களூர்ப் பெற்றோரின் குழப்பம்

கர்நாடகப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ., பி.காம்., பி.எஸ்.ஸி. படிப்புகளின் காலம் மூன்று ஆண்டுகளுக்குள் இருமுறை மாறியது. தேசியக் கல்விக் கொள்கையை நாட்டிலேயே முதலில் நடைமுறைப்படுத்தும் மாநிலம் என்ற பெருமிதத்தோடு 2021-ல் பா.ஜ.க. அரசு நான்காண்டுப் படிப்பைத் தொடங்கியது. 2023-ல் ஆட்சி மாறியது. பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழுவின் இடைக்கால அறிக்கையை ஏற்று, 2024 மே மாதத்தில் சித்தராமையா அரசு பழையபடி மூன்றாண்டு என்று உத்தரவிட்டது. இடையில் 2021, 2022, 2023-ல் சேர்ந்தவர்கள் மட்டும் விரும்பினால் நான்காம் ஆண்டும் படிக்கலாம் என்று விடப்பட்டது. 2021-ல் சேர்ந்தவர்களோ அப்போது மூன்றாம் ஆண்டின் முடிவில் நின்றார்கள்!

டெல்லியின் கதை இதைவிட வேடிக்கையானது. 1943-லேயே மூன்றாண்டுப் பட்டத்தைத் தொடங்கிய டெல்லிப் பல்கலைக்கழகம், 2013-ல் அதை நான்காக்கியது. யு.ஜி.சி.யின் கண்டிப்பால் 2014 ஜூனில் கைவிட்டது. 2022-ல் மறுபடியும் நான்காக்கியது.

பீனியா பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு, ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ வாடகை வீட்டில் குடியிருக்கும் தமிழருக்கு இந்த ஓராண்டு சிறிய விஷயமல்ல. கல்லூரிக் கட்டணத்தோடு, மகன் சம்பாதித்திருக்கக்கூடிய பன்னிரண்டு மாதச் சம்பளமும் போகிறது. அரசு வேலைக்கான வயது வரம்பிலும் ஒரு வயது கழிகிறது. மூத்தவன் முடித்தால்தான் அடுத்தவளைச் சேர்க்கலாம் என்று காத்திருக்கும் வீடுகளும் உண்டு.

நான்காண்டுத் திட்டத்தில் ஓராண்டோடு நின்றால் சான்றிதழ், ஈராண்டோடு நின்றால் டிப்ளமோ என்று சொன்னார்கள். ஏழைப் பிள்ளை வெறுங்கையோடு திரும்ப வேண்டாமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரயில்வே தேர்வு வாரியத்தின் விளம்பரத்தைப் பாருங்கள்: டிக்கெட் கிளார்க், ஜூனியர் கிளார்க் வேலைகளுக்கு பிளஸ் டூ, ஸ்டேஷன் மாஸ்டர், சீனியர் கிளார்க் வேலைகளுக்குப் பட்டம். நடுவில் ஈராண்டு பி.ஏ. டிப்ளமோவுக்கு அங்கே இடமே இல்லை. பட்டம் கேட்கும் வேலைக்கும் மூன்றாண்டுப் பட்டமே போதும். நான்காண்டு ஆனர்ஸ் என்பதற்காக எவரும் கூடுதல் சம்பளம் தரப்போவதில்லை.

அதற்காக நான்காம் ஆண்டே வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. யு.ஜி.சி. விதிப்படி நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீத மதிப்பெண் பெற்றவர் எம்.ஏ. இல்லாமலே நெட் தேர்வு எழுதலாம், பிஎச்.டி.க்கும் விண்ணப்பிக்கலாம். ஓராண்டு எம்.ஏ. நடத்தும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் மொத்தக் காலம் பழைய ஐந்தாண்டுதான். பேராசிரியராக வேண்டும் என்ற பிள்ளைக்கு இது நஷ்டமல்ல. ஆனால் கௌரவ விரிவுரையாளர்களை நம்பி வகுப்பு நடக்கும் அரசுக் கல்லூரியில் ஆராய்ச்சிக்கு வழிகாட்ட யார் இருக்கிறார்கள்? திட்டம் போட்டவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

தமிழ்நாடு இந்தக் கொள்கையை ஏற்காமல் மூன்றாண்டிலேயே நின்றது. அதனால் பிள்ளையை ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் அனுப்பிய குடும்பங்களுக்கு இந்தத் தலைவலி வரவில்லை. 2024 முதல் கர்நாடக மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் கால அளவு அதுவே என்பதால், ஓராண்டை மிச்சப்படுத்த எல்லை தாண்ட வேண்டிய அவசியம் இல்லை.

கர்நாடகத்தில் நான்காம் ஆண்டுச் சலுகை பெற்ற கடைசி அணி 2023-ல் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு மூன்றாம் ஆண்டு முடிவது 2026-ல். தொடர நினைப்பவர்கள், தங்கள் பாடத்துக்கு நான்காம் ஆண்டு வகுப்பு அதே கல்லூரியில் உண்டா, வேறு கல்லூரிக்குப் போக வேண்டுமா என்று கல்லூரி முதல்வரிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு பணம் கட்டுவது நல்லது.