கெட்டுப்போன ஊர் எது?

"மதுரை கெட்டுப்போச்சு" என்று சொல்லாத ஆளை ஒத்தக்கடையில் பார்ப்பது கஷ்டம். டீக்கடையில் சொல்கிறார்கள், வாட்ஸப் குழுவில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசம் ஊற்றும் நேரத்தில் சொல்கிறார். ஒருவருக்கு அது கலிகாலம். இன்னொருவருக்குக் கலாச்சாரச் சீரழிவு. வேறொருவருக்கு சோதோம் கொமோரா. வார்த்தைதான் வேறு, ஆதாரமாக நீட்டும் பட்டியல் எல்லோருக்கும் ஒன்றுதான். யானைமலை அடிவாரத்தில் ஜோடியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், பெண்களின் உடை, ரீல்ஸ், சாதி மாறிய காதல், ராத்திரி பைக்கில் சுற்றும் பையன்கள்.

எனக்கு இந்தப் பட்டியலோடுதான் சண்டை. ஊர் கெட்டுப்போகவே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஊர்கள் கெட்டுப்போகும், அழிந்தும் போகும். அதைப் பற்றி மனிதர்கள் ரொம்பக் காலமாக யோசித்து எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் அதன் பெயரால் தீர்ப்புச் சொல்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

முதலில் சோதோம். கெட்ட நகரத்துக்கு உலகம் வைத்திருக்கும் உதாரணம். பெயரைக் கேட்டதுமே அது படுக்கையறைக் குற்றம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆதியாகமம் 19-ஆம் அதிகாரத்தில் ஊர் ஆண்கள் கூடி லோத்தின் வீட்டைச் சூழ்ந்துகொண்டு, விருந்தாளிகளை வெளியே அனுப்பச் சொல்லி மிரட்டுவது உண்மைதான். நடப்பது கும்பல் வன்முறை. அந்நியர்கள்மேல் ஊர் சேர்ந்து ஏவும் வன்முறை. தடுக்கப் போன லோத்தையும், பிழைக்க வந்தவன் எங்களுக்கு நியாயம் சொல்வதா என்றுதான் மடக்குகிறார்கள். அதற்கு முந்தைய அதிகாரத்தில், கடவுள் அந்த ஊரைப் பார்க்க இறங்கி வரும் காரணமாகச் சொல்லப்படுவது ஒரு கூக்குரல். யாரோ அலறியிருக்கிறார்கள். ஊருக்குள் யார் காதிலும் விழாதது மேலே கேட்டிருக்கிறது.

எசேக்கியேல் தீர்க்கதரிசி இன்னும் நேராகவே சொல்லிவிடுகிறார். 16-ஆம் அதிகாரத்தில் அவர் சோதோமின் குற்றங்களை எண்ணும்போது முதலில் வருபவை கர்வம், வயிறு நிறையச் சாப்பாடு, கவலையில்லாத சொகுசு, இத்தனையும் இருந்தும் ஏழைக்குக் கை கொடுக்காத குணம். அருவருப்பான காரியங்கள் அதற்குப் பிறகே வருகின்றன. முக்கியமான விஷயம், இதை அவர் சோதோமிடம் சொல்லவில்லை, அது எப்போதோ அழிந்துவிட்டது. எருசலேமிடம் சொல்கிறார். பலியும் பூஜையும் குறைவில்லாமல் நடந்த கோயில் நகரத்திடம், சோதோம் உனக்குத் தங்கை, நீ அவளைவிட மோசம் என்கிறார்.

யூதர்களின் தால்முத்தில் சோதோமின் நீதிபதிகள் நால்வர் வருகிறார்கள். அவர்கள் பெயர்களுக்கே பொய்யன், மகா பொய்யன், போலி தயாரிப்பவன், நீதியைத் திரிப்பவன் என்று அர்த்தம். அதே பகுதியில் ஒரு சின்னப் பெண்ணின் கதை. அவள் ஏழை ஒருவனுக்குக் குடத்தில் ரொட்டியை மறைத்து எடுத்துப் போய்க் கொடுத்தாள். கண்டுபிடித்ததும் ஊரார் அவள் உடம்பெல்லாம் தேன் தடவி மதில்மேல் நிறுத்தினார்கள். தேனீக்கள் அவளைக் கொன்றன. மேலே கேட்ட கூக்குரல் அவளுடையது என்கிறது அந்தக் கதை. கெட்ட ஊரில் சட்டம் இல்லாமல் போய்விடுவதில்லை. சட்டம் இருக்கும், நீதிபதியும் இருப்பார், தண்டனைகூட ஒழுங்காக நடக்கும். ஆனால் தண்டனை ரொட்டி கொடுத்தவளுக்குப் போய்ச் சேரும்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். இலக்கியத்தில் எரிந்த நகரம் நமக்கும் ஒன்று இருக்கிறது, அதில்தான் குடியிருக்கிறோம். சிலப்பதிகாரத்தில் மதுரை ஏன் எரிந்தது? ஒழுக்கக்கேட்டால் நகரம் அழியும் என்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கோவலன் மனைவியை விட்டு மாதவியிடம் போனது புகாரில். சொத்தெல்லாம் கரைந்ததும் புகாரில். கண்ணகி அழுத இரவுகள் எல்லாமே புகாரில். அதற்காக அவள் புகாரை எரிக்கவில்லை. எரிந்தது மதுரை. திருடன் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஆளைக் கொன்ற ஊர் அது.

அந்தக் கொலை நடந்த விதத்தைப் பாருங்கள். ஊடலில் இருந்த தேவியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில் ராஜா ஆணையிடுகிறான். காவலர்களுக்குச் சந்தேகம் வருகிறது, இந்த ஆளைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே என்று. பொற்கொல்லன் திருட்டுக்கலையைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்து அவர்கள் வாயை அடைக்கிறான். அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ராஜா, அதிகாரி, நிபுணர், கான்ஸ்டபிள் என்று நான்கு அடுக்கு இருந்தும், ஒரு அடுக்குகூட "ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லவில்லை.

நான் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். ஒரு சிஸ்டம் நடுராத்திரியில் விழுந்தால் மறுநாள் உட்கார்ந்து லாக் பார்ப்போம். பெரும்பாலும் அதில் அலாரம் சரியாகவே அடித்திருக்கும், பார்க்க வேண்டியவர் பார்த்திருக்க மாட்டார். அதைச் சரிசெய்வதுதான் வேலை. அதை விட்டுவிட்டு யாராவது ஒரு ஜூனியரைப் பிடித்து வெளியே அனுப்பினால் சிஸ்டம் திரும்பவும் விழும். சிலப்பதிகாரத்தில் அடுத்து நடப்பது இதுதான். நகரம் எரிந்து பாண்டியனும் இறந்த பிறகு, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுக்கிறான். ஒருவன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேரில் யாரையாவது விசாரித்தார்களா? விசாரிக்காத கொலையால் எரிந்த ஊர், விசாரிக்காத கொலையால் பரிகாரம் தேடியது. உடனே மழை பெய்தது என்று சந்தோஷமாக எழுதிவைத்திருக்கிறோம்.

பிள்ளைகளின் உடையைப் பார்த்து ஊர் கெட்டுவிட்டது என்பவர்களும் பலிகொடுக்க யாரையாவது தேடுகிறவர்கள்தான்.

ஒத்தக்கடையில் இருந்துகொண்டு இதைப் பேச ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் யானைமலை முழுசாகத் தெரியும். அதில் சமணர்களின் கற்படுக்கையும் புடைப்புச் சிற்பங்களும் இருக்கின்றன. அடிவாரத்தில், பொ.ஆ. 770-இல் பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷப் பக்தியை இந்த ஒரே கல்லில் படிக்கலாம். திருவிளையாடல் புராணத்தின்படி இந்த மலை, மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய யானை. சோமசுந்தரர் அம்பெய்து அதைக் கல்லாக்கினாராம். நிஜத்தில் கதை தலைகீழ். எந்த மலையும் மதுரையை அழிக்க வரவில்லை, மதுரைதான் மலைகளைத் தின்றது.

இங்கிருந்து மேலூர் பக்கம் போனால் கீழவளவு. அங்கும் சமணப் படுக்கைகள் உண்டு, அவற்றைச் சுற்றிலும் ஆழம் தெரியாத கிரானைட் குழிகள். கண்மாயும் வாய்க்காலும் கல்லாக மாறின. கல் ஏற்றிய லாரிகளை ஊரே பார்த்தது. 2012 மே மாதம், அப்போதைய கலெக்டர் உ. சகாயம் முறைகேட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அரசுக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களிலேயே அவருக்கு மாறுதல் வந்தது. 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக்கி விசாரிக்கச் சொன்னது. 2015 நவம்பரில் அவர் கொடுத்த அறிக்கையில் இழப்பு ஒரு லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. நடுவில், குவாரி நரபலிப் புகாரை விசாரிக்கச் சின்னமலம்பட்டிக்குப் போனார். தோண்டும் வேலை தள்ளிப்போனதும், ஆதாரம் கலைந்துவிடக் கூடாதென்று இரவு முழுக்கச் சுடுகாட்டிலேயே படுத்திருந்தார். அந்தப் புகார் எவ்வளவு உண்மை என்பது இருக்கட்டும். நீதிமன்றம் நியமித்த அதிகாரி, ஆதாரத்தைத் தன் உடம்பை வைத்துக் காவல் காக்க வேண்டியிருந்த மாவட்டம் இது. யானைமலை அடிவாரத்துக் காதலர்களைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அந்த ராத்திரி எங்கே இருந்தார்கள்?

மேலூர் பக்கமே இன்னொரு ஊர், மேலவளவு. தனித்தொகுதியாக்கப்பட்ட பஞ்சாயத்தில் தேர்தலில் நின்று தலைவரானார் முருகேசன் என்ற தலித். 1997 ஜூன் 30-ஆம் தேதி, ஓடும் பஸ்ஸை மறித்து அவரையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். பட்டப்பகலில். கொலை மிரட்டல் இருப்பது ஊருக்குத் தெரியாத ரகசியமில்லை. அதாவது அலாரம் அடித்துக்கொண்டேதான் இருந்தது. ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. மதுரை கெட்டுப்போச்சு என்று புலம்பும் எந்தப் பட்டியலிலும் இந்தத் தேதிகளை நான் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததற்காக ஒருவரைக் கொன்றது நம் கலாச்சாரச் சீரழிவில் சேராது. சாதி மாறி ஒரு பெண் காதலித்தால் மட்டும் சேரும்.

"அப்ப குடியும் கூத்தும் பரவாயில்லைங்கிறியா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. குடியால் அழிந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. ஆனால் அந்தக் குடும்பத்துப் பெண்கள் டாஸ்மாக்கை மூடச் சொல்லி மனு கொடுக்கிறார்களே, அதுவும் ஒரு கூக்குரல்தான். குடிக்கிறவனைப் பாவி என்று திட்ட ஆயிரம் பேர் வருகிறோம். மனு என்ன ஆனது என்று கேட்கப் போகிறவர் எத்தனை பேர்? தனிமனித ஒழுக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்தவன் ஒழுக்கத்தை அளப்பது செலவில்லாத வேலை, அநியாயத்தைத் தட்டிக் கேட்பதற்கு விலை உண்டு என்கிறேன். செலவில்லாத வேலையைச் செய்துவிட்டு அதற்கு ஆன்மிகம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

பாண்டியனைத் திட்டுவது சுலபம். ஆனால் ஒற்றைச் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், தான் ராஜாவே இல்லை என்று உயிரை விட்டான் அவன். ஒரு லட்சம் கோடி என்று ரிப்போர்ட்டில் படித்த பிறகும் நமக்கு ராத்திரி தூக்கம் கெடவில்லை.

சோதோம் கதையில் எனக்குப் பிடித்த இடம் நெருப்பு விழுவதற்கு முன்னால் வருகிறது. ஆபிரகாம் கடவுளோடு பேரம் பேசுகிறார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் ஊரை விட்டுவிடுவாயா? நாற்பத்தைந்து? நாற்பது? முப்பது? இருபது? பத்து? பத்துப் பேருக்காகவும் விட்டுவிடுவதாகப் பதில் வருகிறது. ஒரு நகரம் பிழைக்கப் பத்துப் பேர் போதும். ஆனால் நீதிமான் என்றால் யார்? ஒழுக்கமாக வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவரா? அந்தக் கணக்கில் ஊருக்குப் பத்தாயிரம் பேர் தேறுவார்கள், ஒரு மலைகூடப் பிழைக்காது.

2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்க ஒரு திட்டம் வந்தது. மலையைச் செதுக்க வந்தவர்களிடம், இது எங்க மலை, தொடக் கூடாது என்று சுற்றுவட்டாரத்து ஜனங்கள் நின்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டி பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கான விவசாயிகள் மதுரையை நோக்கி ஒத்தக்கடை வழியாகவே போனார்கள். கிழவிகள் இருந்தார்கள், கைக்குழந்தைக்காரிகள் இருந்தார்கள், ரீல்ஸ் போடும் அதே பையன்களும் பைக்கில் கொடியோடு இருந்தார்கள். ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்தக் கூட்டத்தில் யார் யாரைக் காதலிக்கிறார்கள், யார் குடிப்பார்கள், யார் கோயிலுக்குப் போவதில்லை என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் பாதிப் பேர் நம்ம பட்டியலில் சிக்கியிருப்பார்கள். மலை மிச்சமிருப்பது அவர்களால்.