குருவிக்கு வீடா, சூளையா?

மார்ச் 20 வந்துவிட்டால் நம்மவர்க்குக் குருவிப்பாசம் பொங்கத் தொடங்கிவிடுகிறது. 2010 முதல் உலகச் சிட்டுக்குருவி நாள் கொண்டாடப்படுகிறது, கொண்டாடட்டும். அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுக்கப்படும் பெட்டிகளோடுதான் எனக்கு வழக்கு. அட்டைபோல் மெலிந்த ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக், சில இடங்களில் தகர டப்பா. அதை மேற்குச் சுவரில் மாட்டிப் படமும் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்து வருவதோ சித்திரை வெயில்.

கூட்டுப்பெட்டிக்குக் கனத்த பலகை என்பதெல்லாம் குளிர்நாட்டுச் சங்கதி, நமக்கெதற்கு என்கிறார் நண்பரொருவர். விந்தையான தர்க்கம்! குளிரைத் தடுக்கும் சுவர்தான் வெப்பத்தையும் தடுக்கும். பிரிட்டனிலேயே பலகை 15 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்றும், கடும் வெயில் படாதவாறு வடக்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட திசைநோக்கி மாட்டவேண்டும் என்றும் சொல்லித்தருகிறார்கள். நாம் பெட்டியின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கனத்தை விட்டுவிட்டோம்.

குறுந்தொகையின் 46ஆம் பாட்டில் மாமிலாடன் காட்டும் குருவி, முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, எருப்பொடியில் குளித்து, வீட்டின் கூரையிறப்பில் தன் குஞ்சுகளோடு தங்குகிறது. (பாட்டின் துயரம் வேறு, அதைப் பிறகொருநாள் பேசலாம்.) ஓலைக்கூரையின் அடுக்குகளுக்கிடையே தங்கிய காற்றே வெயிலை உள்ளே விடாமல் காத்தது. கான்கிரீட் போட்டு அந்த இடத்தை நாம் பறித்துக்கொண்டோம். திருப்பிக் கொடுக்கிறோம் என்றால் ஒழுங்காகக் கொடுக்க வேண்டாமா? பொரித்து வரும் குஞ்சின் உடலில் இறகே இராது. முதற்சில நாட்கள் தன் உடல்வெப்பத்தைத் தானே சீராக்கிக்கொள்ளவும் அதனால் இயலாது. அதைத் தகரத்துக்குள் வைப்பதற்குப் பெயர் அன்பா?

தச்சுப் பட்டறையில் மிஞ்சும் பழைய கதவுப்பலகை போதும். வாசல் 32 மில்லிமீட்டர் விட்டம். அதன் முன்னே உட்காரக் குச்சி வேண்டா, பகைவர்க்கே அது உதவும். கூரைக்குச் சற்றுக் கீழே, வெப்பக்காற்று வெளியேற இரண்டு சிறு துளைகள். அடியில் நீர்வடியச் சில. கூரை முன்னே நீண்டிருக்கட்டும். அதன்மேல் தென்னங்கீற்றை இரண்டு மடிப்பாகப் போட்டுக் கட்டலாம். மாட்டுமிடம் நாள்முழுதும் நிழலாக இருக்கவேண்டும். உள்ளே பஞ்சைத் திணிக்காதீர்கள். வைக்கோல் கொண்டுவரக் குருவிக்குத் தெரியும்.

விழா எடுக்கும் அமைப்புகள் அடுத்த மார்ச்சுக்கு முன் தங்கள் பெட்டியொன்றை மதியம் இரண்டு மணி வெயிலில் வைத்து, உள்ளே கைவிட்டுப் பார்க்கட்டும்.