தேடுவதை நிறுத்து என்பது சிகிச்சையல்ல

"பிள்ளை இனி வரமாட்டான் அம்மா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்." காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் கேட்டுக் கேட்டுச் சலித்த அறிவுரை இது. 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார், மரணச் சான்றிதழ் தரலாம் என்றார். 2022இல் அமைச்சரவை குடும்பத்துக்கு இரண்டு இலட்சம் ரூபாய் என்று கணக்குத் தீர்க்கப் பார்த்தது. பதவியில் இருப்பவர்கள் இப்படிப் பேசுவதில் வியப்பில்லை. ஆனால் அதே பேச்சு உளவளத்துணை என்ற பெயரில் ஒரு தாயின் காதில் விழுமானால், அது வைத்தியமல்ல. குற்றவாளிக்குச் செய்யும் ஊழியம். இதில் நடுநிலைக்கு இடமில்லை.

துறை அறிவும் இதைத்தான் சொல்கிறது. மனவடு நோய்க்கு இன்று உலகெங்கும் வழங்கும் வரையறை, வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரின் போராட்டத்தையொட்டி 1980இல் அந்நாட்டு உளமருத்துவக் கையேட்டில் ஏறியது. கொடுமை நடந்து முடிந்துவிட்டது, அதன் நினைவுதான் வதைக்கிறது என்பது அதன் அடிப்படை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகப் படங்களோடு போராட்டத்தில் அமர்ந்த பெண்களுக்கு எது முடிந்தது? படையினர் கையில் ஒப்படைத்த மகன் எங்கே என்ற கேள்விக்கு விடை வரவில்லை. பந்தலைச் சுற்றிப் புலனாய்வுக்காரர் நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டும் போகிறார்கள். அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன், போர்வீரர்களின் காயத்தையும் வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்களின் காயத்தையும் ஒரே நூலில் வைத்துப் பேசியவர். 1992இல் வந்த அந்த நூலில் குணமடைதலின் முதற்படி என்று அவர் சொன்னது பாதுகாப்பை. முதற்படியே இல்லாத இடத்தில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

போரில் காணாமற்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்த போலின் பாஸ், இத்தகைய இழப்புக்கு முற்றுப்புள்ளி வைக்கச் சொல்வதே பிழை என்கிறார். இருக்கிறான், இல்லை என்ற இரண்டையும் சுமந்தபடி வாழத் துணைநிற்பதுதான் சிகிச்சையாளரின் வேலை. தேடல் நோய்க்குறியல்ல.

உளநலக் கேள்விக்கொத்தோடு வருபவர் "கெட்ட கனவு வருகிறதா?" என்று கேட்கிறார். அந்த அம்மாவோ தலையிடி, உடம்பு உழைவு, நெஞ்சு பதைக்குது என்கிறார். ஒரு பெருமூச்சு விடுகிறார். படிவத்தில் அதற்குக் கட்டமில்லை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், காயம் தனியாளில் மட்டுமல்ல, குடும்பத்திலும் ஊரிலும் விழுந்திருக்கிறது என்று பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். தொண்ணூறுகளில் மட்டக்களப்பில், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அம்மன் கோயில்களில் தெய்வமாடி வாக்குச் சொல்பவர்களிடம் போனார்கள். வாயைத் திறந்தாலே ஆபத்து என்றிருந்த நாட்களில் அழவும் கேட்கவும் அங்கே இடமிருந்தது. மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் அதைப் பதிவுசெய்திருக்கிறார். மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்கள், அன்று வேறெந்த வாசல் திறந்திருந்தது என்றும் சொல்லட்டும்.

அதற்காகப் பண்பாடு என்றதும் கைகூப்பிவிடவும் முடியாது. (குத்துவிளக்கேற்றித் தொடங்கினால் பயிற்சிப்பட்டறை பண்பாட்டுக்கேற்றதாகிவிடும் என்று நினைக்கும் நிறுவனங்கள் நிறைய.) கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண் பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் இன்னொரு பேச்சு. அந்தியேட்டி செய்தால் அவளே அவனைக் கொன்றதாகிவிடும். ஆனாலும் அயல் வீட்டுச் சாமத்தியச் சடங்கில் அவள் ஆலாத்தி எடுக்க வரக்கூடாது. விதவைக்குரிய விலக்கு எல்லாம் உண்டு, துக்கம் கொண்டாட மட்டும் உரிமையில்லை. தனியே பிள்ளை வளர்ப்பவள் யாரோடு பேசுகிறாள், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்று கணக்கெடுக்கவும் ஊரில் ஆளிருக்கிறது. இந்தப் பண்பாட்டைச் சிகிச்சையாளர் அறிந்திருப்பது அதற்கு ஒத்தூதுவதற்காக அல்ல, அவள் பக்கம் நின்று அதோடு வழக்காடுவதற்காக. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் "குடும்பம் சிதையக்கூடாது, பொறுத்துப் போ பிள்ளை" என்று இன்னொரு பெண்ணைத் திருப்பி அனுப்புவதும் இந்த மண்ணில் உளவளத்துணையாகவே நடக்கிறது. தேடாதே என்பதும் பொறுத்துப்போ என்பதும் ஒரே வாயிலிருந்து வருபவைதான். இரண்டிலும் பெண் அடங்கினால் மற்றவர்களுக்கு நிம்மதி.

மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகள் போர்க்காலத்திலேயே வேறு வழியைக் காட்டின. பெண்கள் கூடிப் பேசினார்கள், பாட்டும் நாடகமும் செய்தார்கள், பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் போகிறவளோடு கூடவே போனார்கள். பாதிக்கப்பட்டவளை நோயாளியாக மட்டும் பார்க்காததே அங்குள்ள வேறுபாடு.

பிரதேச செயலகங்களில் பணிபுரியும் உளவளத்துணை உத்தியோகத்தர்களை மட்டும் நாம் பழிக்கவில்லை. அடுத்த மேசைக்குக் கேட்கும்படி ஒரு பெண் தன் கதையைச் சொல்ல வேண்டியிருப்பது அவர்கள் செய்த ஏற்பாடல்ல. கதவுள்ள அறை வேண்டும். அவள் சொன்னது எந்தப் படைத்தரப்பின் கைக்கும் போகாது என்ற சட்ட உறுதி வேண்டும். மரணச் சான்றிதழையோ இழப்பீட்டையோ ஏற்கவைக்கும் வேலை உளவளத்துணையாளருக்கு ஒருபோதும் தரப்படக்கூடாது. தந்தால் அவர் மறுக்க வேண்டும். பெண்கள் தாங்களே நடத்தும் குழுக்களுக்கு, அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினாலும் நிறுத்தப்படாத நிதி வேண்டும். காசில்லை என்று அமைச்சு சொல்லலாம். போர் முடிந்த பிறகும் வடக்கில் இத்தனை படைமுகாம்களைப் பேணிவரும் அரசு அப்படிச் சொன்னால் அதை நாம் நம்பத் தேவையில்லை.