இராயப்பனும் பீட்டரும்



"விசா புதுப்பிக்க வேண்டியிருக்கிறது, கோவிலில் கல்யாணச் சான்றிதழ் வாங்கி உடனே அனுப்புங்கள்" என்று வளைகுடா நாட்டிலிருந்து மகனோ மருமகனோ சொல்லியனுப்ப, பெற்றோர் பங்குக் குருவின் அறைவாயிலில் வந்து நிற்பது நம் பங்குகளில் வழக்கமாகிவிட்ட காட்சி. பீளமேட்டுப் பம்புத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பழகியவரும், திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் தையல் பழகியவரும், நம் ஊர்க் கல்லூரிகளில் பொறியியல் முடித்தவரும் சார்ஜா, துபாய், குவைத் என்று சென்றிருக்கின்றனர். கோவையிலிருந்து சார்ஜாவுக்கு நேரே விமானம் உண்டு. ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் ஆள் போய் இறங்கிவிடலாம். ஆளின் பின்னே செல்ல வேண்டிய காகிதத்துக்கோ சில வேளை நான்கு மாதமும் போதுவதில்லை.

ஐக்கிய அரபு அமீரகத்தையே எடுத்துக்கொள்வோம். தனியார் நிறுவனத்தில் வேலை செய்வோருக்கு அங்கே பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கே குடியிருப்பு விசா தருகின்றனர். மனைவி மக்களின் விசா குடும்பத் தலைவரின் விசாவைப் பற்றிக்கொண்டு நிற்பது. அவருடையது புதுப்பிக்கப்பட்டால்தான் இவர்களுடையதைப் புதுப்பிக்க முடியும். மருத்துவப் பரிசோதனை, காப்புறுதி, எமிரேட்ஸ் அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், சம்பளச் சான்று ஆகியவற்றை அவர் அங்கேயே முடித்துக்கொள்வார். குடும்பத்தை வைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும் என்பது விதி. இவ்வளவும் அவர் கையில் உள்ளவை. இவள் என் மனைவி, இவன் என் பிள்ளை என்று காட்டும் சான்று மட்டும் அவர் கையில் இல்லை. அது இங்கே, நம் கோவிலிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பிறக்க வேண்டியது. வேலை மாறினாலும், வேறு எமிரேட்டுக்கு மாறினாலும், முன்னே ஒருமுறை காட்டிய சான்றை மறுபடியும் கேட்பார்கள். தடை வந்தால் கணவர் அங்கேயே இருப்பார். மனைவியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப நேரும்.

அந்தத் தடை பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்பதையே இம்மாதம் எழுத எண்ணினோம். அது பெயரிலிருந்து வருகிறது.

சோமனூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று என வைத்துக்கொள்வோம். பாட்டனார் பெயரையே பேரனுக்கு இட்டு, ஞானஸ்நானப் பதிவேட்டில் இராயப்பன் என்று எழுதியாயிற்று. பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் பீட்டர் என்று எழுதினார், தகப்பனாரும் மகிழ்ந்தார். குடும்ப அட்டையில் சூ. பீட்டர். கோவில் திருமணப் பதிவேட்டில், குரு இரண்டையும் கேட்டறிந்து, 'இராயப்பன் என்ற பீட்டர்' என்று எழுதினார். பாஸ்போர்ட்டிலோ வெறும் பீட்டர். குடும்பப்பெயர்க் கட்டம் காலி. அதே பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் ஜோசப். ஆனால் தகப்பனாரின் சொந்த ஆதார் அட்டையில் அவர் சூசை. இதில் எவரும் பொய் சொல்லவில்லை. எவரும் எதையும் மறைக்கவுமில்லை.

நமக்கு இதில் குழப்பமே இல்லை. இராயப்பரும் பீட்டரும் ஒருவரே என்று நம் வீட்டுச் சிறுபிள்ளையும் சொல்லும். சின்னப்பர்தாம் பால், அருளப்பர்தாம் ஜான், சூசையப்பர்தாம் ஜோசப், சவரியார்தாம் சேவியர், இன்னாசியார்தாம் இக்னேஷியஸ். நம் முன்னோர் புனிதர்களின் பெயர்களைத் தமிழ் நாவுக்கு இசைய வழங்கிய அழகு அது. அதை இழக்குமாறு எவரிடமும் நாம் சொல்லமாட்டோம். ஆனால் சார்ஜாவில் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அலுவலருக்கு இராயப்பன் ஒருவர், பீட்டர் மற்றொருவர். மனைவியின் மணச் சான்றில் உள்ள கணவரும் விண்ணப்பத்தில் உள்ள கணவரும் வெவ்வேறு ஆட்கள் என்றே அவர் கொள்வார். அவ்விதம் கொள்வது அவருடைய கடமையுமாகும்.

எழுத்திலும் இடர் உண்டு. அரபு எழுத்தில், 'அம்பு' என்னும் சொல்லில் ஒலிக்கும் பகரம் உண்டு. 'பழம்' என்பதில் ஒலிக்கும் பகரம் இல்லை. ஆகவே நம் பீட்டர் அரபு மொழிபெயர்ப்பில் சற்றே வேறு ஒலியுடன்தான் தோன்றுவார். அலுவலர் ஒப்பிட்டுப் பார்ப்பது ஆங்கில எழுத்துகளையே. அந்தோணி என்னும் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மரியபுஷ்பம் ஒரு தாளில் ஒரே சொல்லாகவும் மற்றொன்றில் இரண்டு சொற்களாகவும் இருப்பதுண்டு. கணினிக்கு அவர்கள் இருவர்.

தலைப்பெழுத்தின் கதை இன்னும் நீளமானது. நம் நாட்டில் தகப்பனாரின் முதலெழுத்தே நமக்கு அடையாளம். குடும்பப்பெயர் என்று ஒன்று பெரும்பாலோருக்கு இல்லை. பாஸ்போர்ட்டிலோ தலைப்பெழுத்தைச் சுருக்கமாக எழுத இடமில்லை. விரித்து எழுத வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டவர்கள் ஒற்றைப் பெயருடன் பல்லாண்டு இடரின்றிப் போய்வந்தனர். 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அமீரகம் அறிவித்தது. குடியிருப்பு விசா உள்ளவர்களுக்கு விலக்குத் தரப்பட்டது. பெயர்க் கட்டம், குடும்பப்பெயர்க் கட்டம் இரண்டிலும் அதே பெயரைப் பதிந்துகொள்ளுமாறு சொல்லப்பட்டது. தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டின் மறுபக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கமும் வந்தது. அச்சில நாட்களில் தமிழ்க் குடும்பங்கள் பட்ட கலக்கம் சிறிதன்று.

பெண்களுக்கு மற்றுமொரு சங்கடம். மணமானதும் தகப்பனார் எழுத்தை நீக்கிக் கணவர் எழுத்தைச் சேர்ப்பது நம் வழக்கம். இது சட்டத்தின் கட்டளையன்று. பள்ளிச் சான்றில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து, வங்கிக் கணக்கில் எழுத்தே இல்லை என்றாகும்போது அலைய வேண்டியவள் அவளே. வெளிநாடு செல்லும் மகளுக்கு, பள்ளிச் சான்றில் உள்ள பெயரையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்பது நம் கருத்து. கணவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் அதற்குரிய கட்டத்தில் எழுதினால் போதும்.

இனி, எந்தச் சான்று செல்லும் என்பதைப் பார்ப்போம். பங்கில் தரும் திருமணச் சான்று திருச்சபைக்குரிய சான்று. வெளிநாட்டுத் தூதரகங்கள் எதிர்பார்ப்பதோ அரசுப் பதிவாளர் தரும் சான்று. இவ்விரண்டுக்கும் பாலமாக நிற்பது 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். கத்தோலிக்கக் குருக்கள் நடத்திவைக்கும் திருமணங்களை அந்தந்த ஆயர் வகுத்த முறையில் பதிந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றின் விவரத்தைத் தலைமைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்று அதன் 30-ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் அது சென்னை சாந்தோமிலுள்ள பதிவுத்துறைத் தலைவர் அலுவலகத்துக்குச் செல்லும். முப்பது ஆண்டுகளுக்கு முன் மணந்தவர்களும் அங்கிருந்து சான்றிட்ட நகல் பெறலாம். ஆனால் அந்தக் காலாண்டில் பங்கிலிருந்து விவரம் போயிருந்தால்தான் அங்கே இருக்கும்; போன விவரத்தில் 'இராயப்பன்' என்று இருந்தால் நகலிலும் இராயப்பன்தான் இருப்பார்.

2009 நவம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டத்தின்படி, எச்சமயத்தார் திருமணமும், கோவில் பதிவேட்டில் இருந்தாலும்கூட, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப்பட வேண்டும். காலவரை 90 நாள். பிந்தினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள். நம் இளம் தம்பதியர் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. 2016 டிசம்பரில் வந்த தளர்வுக்குப் பின் பாஸ்போர்ட்டுக்கு மணச் சான்று கட்டாயமில்லை. பாஸ்போர்ட்டே கிடைத்துவிட்டதே என்று நிம்மதியாக இருக்கிறார்கள். விசாவுக்கு நிற்கும்போதுதான் 90 நாள் கடந்து ஆண்டுகள் ஆகிவிட்டதை உணர்கிறார்கள். மணவோலை எழுத வரும்போதே மணமக்களின் பாஸ்போர்ட்டையும் பள்ளிச் சான்றையும் குருவிடம் காட்டி, பதிவேட்டில் அதே எழுத்துகளில் எழுதச் செய்வது அரைமணி நேர வேலை.

பதிவாளர் சான்று கிடைத்தபின் முத்திரைகளின் வரிசை தொடங்குகிறது. முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அடுத்து இந்திய வெளியுறவு அமைச்சகம்; அதன் கிளைச் செயலகம் சென்னையிலும் உண்டு. அதற்கு மேல் வழி இரண்டாகப் பிரிகிறது. 1961-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கு 'அப்போஸ்டில்' என்னும் ஒரே முத்திரை போதும். இந்தியாவுக்கு இது 2005 முதல் நடைமுறையில் உள்ளது; ஓமனும் பஹ்ரைனும் முன்பே சேர்ந்தன, சவூதி அரேபியா 2022-இல் சேர்ந்தது. இவ்வொப்பந்தத்தில் இல்லாத அமீரகத்துக்கும் குவைத்துக்கும் அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும், பின்னர் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும் வேண்டும். அப்போஸ்டிலுக்கு நம் அமைச்சகம் வாங்கும் கட்டணம் 50 ரூபாய்தான். அத்துடன் விண்ணப்பம் வாங்கும் நிறுவனத்தின் சிறு சேவைக் கட்டணம் உண்டு. முகவர்கள் கேட்கும் ஆயிரங்களுக்கு, அலைச்சல் மிச்சம் என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. வயதானவர்களுக்கு அலைச்சல் மிச்சமாவதும் ஒரு பயன்தான். ஆயினும் எந்த அலுவலகத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சான்றிதழைப் பத்திரமாக வைக்க எண்ணி லேமினேஷன் செய்துவிடாதீர்கள். முத்திரை தாளின் பின்புறம் விழ வேண்டும்.

ஞானஸ்நானச் சான்றைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். அது பதிவேட்டின் நகலே. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கமாதலால், மூத்த பிள்ளையின் பதிவு பெரும்பாலும் தாயின் ஊர்ப் பங்கில் இருக்கும். கோபி, சத்தியமங்கலம் பக்கமானால் அது உதகை மறைமாவட்டம், கோவை ஆயரகத்தில் கேட்டுப் பயனில்லை. பதிவேட்டில் உள்ள பெயரைப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்ப மாற்றித் தருமாறு குருவை வற்புறுத்தும் பழக்கம் வளர்ந்து வருகிறது. நகலில் ஒன்றும் பதிவேட்டில் ஒன்றுமாக எழுத அவருக்கு உரிமை இல்லை. திருத்தம் வேண்டுமானால் ஆவணங்களுடன் ஆயரகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர் மறுத்தால் மனத்தாங்கல் கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே பெயர்கள் முரண்பட்டிருந்தால் என்ன செய்வது? 'இராயப்பனும் பீட்டரும் ஒருவரே' என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைப்போர் உண்டு. உள்ளூர் வங்கிக்கு அது உதவலாம். கடல் கடந்தால் அதை நம்பியிருக்க முடியாது. பள்ளி இறுதிச் சான்றும் பாஸ்போர்ட்டும் ஒத்திருந்தால் அதையே நிலையான பெயராகக் கொண்டு மற்றவற்றைத் திருத்துங்கள்: ஆதார், குடும்ப அட்டை, வங்கி, கடைசியாக மணச் சான்று. அவ்விரண்டுமே முரண்பட்டிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிடுவதே நேர்வழி. 6-ஆம் பகுதி, 4-ஆம் பிரிவில் இவ்வறிவிப்புகள் வரும். அந்த இதழின் அசல் பிரதிகள் சிலவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றை விடுமுறைக்கு வந்த முப்பது நாளில் முடிக்க முடியாது. விடுமுறையை நீட்டிக்கொண்டே போவதும் ஆகாது. பொதுவாக அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதம் இருந்துவிட்டால் குடியிருப்பு விசா இரத்தாகும். விசா புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டில் ஆறு மாதக் காலமாவது எஞ்சியிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். ஆகையால் பாஸ்போர்ட் புதுப்பிக்கும் வேளையே பெயரை விரித்து எழுதவும் குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பவும் ஏற்ற வேளை. ஆனால் புதிய பெயருடன் பாஸ்போர்ட் வந்தபின் அங்குள்ள அடையாள அட்டை, வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாம் அதற்கு இணங்க மாற வேண்டும். நிறுவனத்திடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அங்கேயே பிறக்கும் குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். பிறந்த 120 நாட்களுக்குள் குழந்தைக்கு அமீரகக் குடியிருப்பு விசா பெற வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பெயர் வேண்டும். இந்தியக் குடியுரிமைக்காக ஓராண்டுக்குள் நம் தூதரகத்தில் பிறப்பைப் பதிவதும் சட்டம். ஞானஸ்நானத்துக்கு ஊருக்குக் கொண்டுவந்து, பாட்டியைக் கேட்டுப் பெயரிடுவோம் என்று காத்திருக்க அங்கே இடமில்லை. சார்ஜாவின் கத்தோலிக்கக் கோவிலும் கோவைப் பேராலயத்தைப் போலப் புனித மிக்கேல் பெயர் தாங்கியதே. ஞானஸ்நானம் எங்கே ஆனாலும், குழந்தை பிறக்குமுன்பே பாட்டியிடம் பேசிப் பெயரை முடிவு செய்து, தகப்பனார் பெயரையும் சேர்த்து ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பிறப்புப் படிவத்திலிருந்து ஞானஸ்நானப் பதிவேடு வரை அதே எழுத்துகளையே கொடுங்கள்.