மண்ணை மூடியவர்கள் மழையைப் பழிப்பதா?

ஆண்டுதோறும் ஜூன் பிறக்கிறது. நாலாக்களைத் தூர் வாரிவிட்டோம் என்று மும்பை மாநகராட்சி கணக்குக் காட்டுகிறது. முதல் பெருமழையிலேயே இந்துமாதாவில் தண்ணீர் தேங்குகிறது. சயனுக்கும் குர்லாவுக்கும் இடையே தண்டவாளம் மூழ்கி வண்டிகள் நிற்கின்றன. உடனே மேலிடத்திலிருந்து இரண்டு விளக்கங்கள் வருகின்றன. ஒன்று, எதிர்பாராத மழை. மற்றொன்று, குடிசைக்காரர்கள் நாலாவில் குப்பை கொட்டுகிறார்கள்.

இரண்டையும் நாம் மறுக்கிறோம். நாலாவில் குப்பை போடக்கூடாது என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் குப்பையைக் காட்டிக் காங்கிரீட்டை மறைக்கும் தந்திரத்தைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

ஏழு தீவுகளுக்கிடையே கடலைத் தூர்த்து எழுப்பிய நகரம் இது. இதன் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென்று கட்டப்பட்டவை. அதுவும் கடல் வற்றி இருக்கும் நேரத்துக்கு. கடல் ஏறினால் வடிகாலின் வாயைக் கடலே அடைத்துக்கொள்ளும். 1985 வெள்ளத்திற்குப் பிறகு ஆராய்ந்து, 1993-இல் 'பிரிம்ஸ்டோவாட்' அறிக்கை தந்தார்கள். மணிக்கு 50 மில்லிமீட்டர் தாங்கும்படி வடிகால்களை மாற்றச் சொன்னது அது. அறிக்கை ஆண்டுக்கணக்கில் அலமாரியில் உறங்கியது. 2005 ஜூலை 26 வந்தது. சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை! மும்பையில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

அதன்பிறகு என்ன செய்தார்கள்? மித்தி ஆற்றின் கரையிலிருந்த குடிசைகளை இடித்தார்கள். ஆற்றின் சதுப்பு நிலத்தை நிரப்பி எழுப்பிய பாந்திரா-குர்லா வணிக வளாகத்தில் ஒரு செங்கல்லைத் தொட்டார்களா? ஓடுபாதைக்காக ஆற்றையே வளைத்தார்களே, அந்த வளைவை நிமிர்த்தினார்களா? ஏழையின் தகரம் ஆக்கிரமிப்பு. பணக்காரரின் கண்ணாடி மாளிகை வளர்ச்சி! இது என்ன நியாயம்?

பெரிய பம்பு, பெரிய குழாய் என்பதே இன்றுவரை அவர்களுடைய மந்திரம். பம்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கடல் ஏறி நிற்கும்போது தாழ்ந்த பகுதிக்குப் பம்பு வேண்டும்தான். ஆனால் ஒரு பக்கம் மண்ணை மூடிக்கொண்டே போய், மறுபக்கம் பம்புக்குமேல் பம்பு வாங்கினால், அந்தக் கணக்கு என்றைக்கு நேராகும்? 2025 மே 26 அன்று, திறந்து மூன்று வாரம்கூட ஆகாத ஆச்சார்யா ஆத்ரே சௌக் சுரங்க மெட்ரோ நிலையத்துக்குள் மழைநீர் பாய்ந்ததை நாடே பார்த்தது.

விழுந்த இடத்திலேயே மழையைக் கொஞ்சம் நிறுத்து. மண்ணில் கொஞ்சம் இறக்கு. மிச்சத்தை மெதுவாக விடு. நாம் சொல்லும் வழி இவ்வளவுதான். இது வெளிநாட்டு வித்தையல்ல. ராமநாதபுரத்து ஊருணியும் நெல்லைச் சீமையின் குளங்களும் இதைத்தானே செய்தன? 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மும்பையிலும் 2002 முதல் பெரிய மனைகளில் எழும் புதுக் கட்டடங்களுக்கு அந்த விதி உண்டு. வரைபடத்தில் தொட்டி இருக்கிறது. கட்டடத்தில் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பவர் யார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 5,000 லிட்டர். நம் ரயில்வேயையும் விட்டுவைக்க வேண்டாம். 250 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலமுள்ள ஒரு பிளாட்பாரக் கூரையில் அதே மழைக்கு 1,25,000 லிட்டர்! அது நேரே தண்டவாளத்தில் கொட்டினால் வண்டி ஏன் நிற்காது? தண்டவாளத்தின் கீழே ஜல்லி போடுவது பாரம் தாங்க மட்டுமல்ல, தண்ணீர் வடியவும்தான். ஜல்லியில் சேறு அடைத்தால் தண்ணீர் நிற்கும். எந்தக் கேங்மேனைக் கேட்டாலும் இதைச் சொல்லுவார். ஒரு கேங்மேனுக்குத் தெரிந்தது, தெருவெல்லாம் காங்கிரீட் போடும் பொறியாளருக்குத் தெரியாதா?

ஜூலையில் மண் ஏற்கெனவே ஊறிப்போயிருக்கும், 944 மில்லிமீட்டரைக் குழி தாங்குமா என்று கேட்பவர்கள் உண்டு. தாங்காது. நாமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட மழை என்றோ ஒரு நாள் வருவது. நம் பிழைப்பைக் கெடுப்பது ஆண்டுதோறும் வரும் மழை. கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். அந்தச் சில மணி நேரம் நீரைப் பிடித்து வைத்தால், கடல் வற்றும்போது அது தானே வடியும். இந்துமாதா வெள்ளத்துக்காகத் தாதரிலும் பரேலிலும் இரண்டு மைதானங்களின் அடியில் மாநகராட்சியே தொட்டி கட்டியது இதற்காகத்தானே? பூமிக்கடியில் கோடி கோடியாகக் கொட்டிச் செய்வதை, திறந்த மண்ணும் சதுப்பும் உப்பளமும் காசில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன.

தாராவித் தோழர்களே, நமக்கு மிக நெருக்கமான விஷயம் இதுதான். தாராவி மறுசீரமைப்பின் பெயரால் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டுப் பகுதிகளின் உப்பளங்களில் சுமார் 256 ஏக்கருக்கு 2024-இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வெள்ளம் போய்த் தங்கும் நிலத்தில் நம் மக்களுக்கு வீடாம்! அங்கே குடியேறினால் மூழ்கப்போவது நாம். குடியேற மறுத்தால் வளர்ச்சிக்கு எதிரி என்ற பட்டமும் நமக்கே. தோல் பதனிட்டும் பானை வனைந்தும் சதுப்பை ஊராக்கிய மக்களின் இடம் வேறொருவருக்கு, உப்பளம் நமக்கு! வீடு வேண்டும், தாராவியிலேயே வேண்டும். உப்பளம் உப்பளமாகவே இருக்க வேண்டும். இவை இரண்டு கோரிக்கைகள் அல்ல, ஒன்றே.

ஆகவே நாம் கேட்பவை:

1. காங்கிரீட் சாலை போட்டால் ஓரத்தில் மண்ணும் மரமும் ஜல்லி நிரப்பிய பள்ளமும் விட வேண்டும். மரத்தின் அடிவரை பேவர் பிளாக் பதிப்பதை நிறுத்த வேண்டும்.

2. மாநகராட்சிப் பள்ளிகள், அலுவலகங்கள், ரயில் நிலையங்களின் கூரை நீருக்கு முதலில் தொட்டியும் குழியும் அமைத்துக் காட்ட வேண்டும்.

3. பெரிய வளாகங்கள் தங்கள் மழையைத் தாங்களே தாங்க வேண்டும். 2002 விதியை நிறைவேற்றியவர் யார், ஏமாற்றியவர் யார் என்று வார்டுவாரியாகப் பட்டியல் வெளியிட வேண்டும்.

4. உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் தொடக்கூடாது. அலையாத்தியை அழிக்கக் கூடாதென்று 2018-இல் உயர்நீதிமன்றம் தந்த தீர்ப்பு காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது.

கேட்பதோடு நிற்கக்கூடாது, செய்யவும் வேண்டும். நம் சால்களில் தகரக் கூரை நீரை டிரம்மில் பிடிப்போம்; கொசு புகாமல் வாயை வலையால் கட்டுவோம். காம்பவுண்டில் கையளவு மண் மிஞ்சியிருந்தால் அதைச் சிமெண்டு பூசி மூட விடமாட்டோம். கக்கூஸ் தொட்டிக்கு எட்ட, நல்ல இடம் பார்த்து ஜல்லிக்குழி வெட்டுவோம். ஒவ்வொரு கிளையும் மழைக்கு முன்பே தன் தெருவில் எங்கே மண் இருக்கிறது, எங்கே மூடிவிட்டார்கள் என்று குறித்து, அந்தப் பட்டியலோடு வார்டு அலுவலகத்துக்குச் செல்லட்டும்.

மழை யாரிடமும் லஞ்சம் வாங்குவதில்லை. பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். அந்தப் பள்ளத்தில் குடியிருப்பவர்கள் நாம். அதனால் முதலில் வாய் திறக்க வேண்டியவர்களும் நாமே!